ஜானகி வரைந்த உலகப்படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில், அரை வாக்கியமாகக் கிடைத்தது. “அனைத்துலக உறவில் டாக்டர் பட்டம் வாங்கப் போன பொண்ணு, கடைசியில தோட்டப் பள்ளிக்கூடத்துல…” என்று பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார். அதற்குள் ரசம் வந்துவிட்டது. மீதியை நான்தான் கட்டியாக வேண்டும்.

‘1952. அவசரகாலச் சட்டம் மலாக்கா மாநிலத்தில்…’ (வேண்டாம், அரசாங்க அறிக்கை வாடை.)

‘யோகம் தெங்கேராவில் பிறந்தாள்…’ (எல்லோரும் எங்கேயோ பிறக்கத்தான் செய்கிறார்கள்.)

‘அந்தப் பிற்பகலில் ரப்பர் காய்கள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன.’ இது இருக்கட்டும்.

2

யோகம், மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா சிற்றம்பலத்தின் மகள். லண்டனில் இரண்டு வருடம் ஒப்பந்தங்களையும் எல்லைக்கோடுகளையும் படித்துப் படித்து, அவள் கனவில்கூட நாடுகள் மேகம்போல மிதந்து வந்து ஒன்றையொன்று உரசிப் போகும். சொந்த நாட்டைப் பற்றி ஓர் அத்தியாயம் வேண்டும் என்று பேராசிரியர் கேட்டதால் ஊர் திரும்பினாள்.

ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று ஒரு பிடி அரிசியையும் வெளியே விடமாட்டார்கள். வெளியாள் உள்ளே வர பாஸ் வேண்டும். ஆராய்ச்சிக்காரிக்குப் பாஸ் கிடைக்கவில்லை, டீச்சருக்குக் கிடைத்தது. ஊரில் எல்லோரும் வேலைக்காகப் படித்தார்கள். இவள் படிப்புக்காக வேலைக்குப் போனாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பால் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிட வேண்டுமாம். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.)

3

ஒரு நாள் வகுப்பில் உலகப்படம் வரையச் சொன்னாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒவ்வொரு நாட்டையும் சுற்றி வேலி போட்டு, ஒரு கேட்டும் சோதனைக் கொட்டகையும் வைத்திருந்தார்கள். இங்கிலாந்துக்கும் கேட் உண்டு. ராஜாவானாலும் கையைத் தூக்கி நின்றுதான் தீர வேண்டும்.

யோகத்துக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. இருநூறு பக்கத்தில் அவள் சொல்லத் திணறியதை இந்த வாண்டுகள் கிரேயானில் சொல்லிவிட்டன. அன்று வீடு திரும்பும்போது லயங்களெல்லாம் தேசங்களாகவும், ரப்பர் மரங்களின் நிழல் கடலாகவும் தெரிந்தன. பாஸைக் காட்டி கேட்டைத் தாண்டியது ஏதோ தூக்கத்தில் நடந்ததுபோல இருந்தது.

எல்லாவற்றிலும் அழகு, ஒன்பது வயது ஜானகியின் படம். மலாயாவின் கிணற்றடிக்குப் பின்னால் வேலியில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வளையல் போட்ட கை ஒரு சட்டியை நீட்டுகிறது. யோகம் ஓரத்தில் ‘நல்ல கற்பனை’ என்று எழுதினாள். படித்தவர்கள் செய்யும் தப்பு இது.

4

மறுநாள் ரப்பர் பால்வெட்டு முடிந்து, ஜானகியின் அம்மா மீனம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, எம் மவ வரஞ்ச படத்தக் குடுத்துருங்க.”

“ஏன் மீனம்மா? நல்ல வடிவாக் கீறியிருக்கிறாள். என்ர ஆராய்ச்சியோட லண்டனுக்கு அனுப்பப் போறன்.”

“லண்டனுக்குத் தாராளமா போவட்டும். கேட்டத் தாண்டித்தானே போவணும்?”

யோகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. கற்பனையே இல்லை.

“ஆருக்குச் சோறு?”

“எந்தம்பிக்கு. ஐ.சி. தொலைஞ்சிருச்சி, அடையாளக் கார்டு இல்லாதவனப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து காட்டுக்குள்ள ஓடுனவன். கட்சியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பசின்னு வந்து நின்னா என்ன செய்யச் சொல்றீங்க? தெரிஞ்சா என்னைய ஜெயில்ல போட்டுருவாங்க. எம்புள்ளைய யாரு பாப்பா?”

யோகம் வெட்கப்பட்டாள். ஆனாலும் படத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அதுவும் உண்மை. மாதக் கடைசிக்குள் அத்தியாயம் வராவிட்டால் பதிவு ரத்து என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் அத்தியாயம் வெறும் சக்கை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) படம் தப்பிப் போய்விடுகிறது, யோகம் டாக்டராகிறாள். வாழ்க்கையில் நடக்கும். கதையில் எழுதினால் அடிக்க வருவீர்கள்.

(ஆ) வேலியில்லாத வேறொரு மலாயாவை யோகமே வரைந்து, ஜானகியின் பெயரைப் போட்டு… இல்லை. அவளுக்கு அது வராது.

(இ) யோகம் படத்தை மீனம்மாவின் கையில் வைத்தாள். மீனம்மா அதை மடித்து வாயில் போட்டு, வெற்றிலையோடு சேர்த்து மென்று துப்பினாள். இரண்டு வருடப் படிப்பு செக்கச்செவேலென்று மண்ணில் கிடந்தது. யோகம் அழுதாள். அழுதுவிட்டு, மணியடித்துப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டாள். அந்த மணியோடுதான் அவள் டீச்சரானாள் என்று நினைக்கிறேன்.

(இ)யே இருக்கட்டும். ஆனால் அது முடியமாட்டேன் என்கிறது.

6

ஏனென்றால் கேட்டில் சோதனை பார்க்கும் குமாஸ்தா, கிராணி தங்கராஜு வகுப்பறைக்கே வந்துவிட்டார். வெளியே போகும் காகிதம் எதுவானாலும் அவர் பார்க்க வேண்டும். லண்டனுக்கு அனுப்புவதற்காக யோகம் முன்பே கொடுத்திருந்த பட்டியல் அவர் கையில் இருந்தது.

“இருபத்திரண்டு படம்னு எழுதியிருக்கீங்க டீச்சர். இருபத்தொண்ணுதானே இருக்கு லா?”

“ஒண்டு மழையில நனைஞ்சு போச்சுது.”

“ஒரு வாரமா மழையே இல்லையே. அதுல என்னா இருந்திச்சி?”

மீனம்மா வாசற்படியில் தலை குனிந்து நின்றாள். ஜானகி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

“சரி. அந்தப் படத்த வேற யாரு பாத்தா?”

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. கிணற்றடி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. கதை நன்றாக வர வேண்டுமே என்ற ஆசையில், யோகம் செய்யாமல் விட்டதை நான் செய்துவிட்டேன்: படத்தை வெளியே காட்டிவிட்டேன்.

தங்கராஜு திரும்பி உங்களைத்தான் பார்க்கிறார்.