ஐந்தாவது கதிரை

"பாப்பம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் சுள்ளென்று கோபம் வருகிறது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் அடுத்த ஆளைத் தேடலாம். பாப்பம், பார்ப்போம் என்று இழுக்கிறவரை என்ன செய்வது? இரண்டு கிழமை பொறுத்திருந்து திரும்பக் கேட்டால், "ஓ, அதுவோ அண்ணை? பாப்பம்" என்பார்கள். நான்கு மாதத்தில் இருபத்தாறு பேர் எனக்குப் பாப்பம் சொல்லியிருந்தார்கள். எண்ணி வைத்திருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

விஷயம் இதுதான். 'ஓசைப்பெட்டி' என்று ஒரு மென்பொருள். போனில் வருகிற தமிழ் எழுத்தைக் குரலாக வாசித்துச் சொல்லும். கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. திறந்த மூலம், அதாவது யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், காசில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மொன்றியலில் நாங்கள் சில பேர் தொடங்கியது இன்று நாலாயிரம் போன்களில் பேசுகிறது. ஆனால் திறந்து கிடக்கிற வீட்டுக்கும் பொறுப்பானவர்கள் வேண்டும் அல்லவா? அதற்கு ஐந்து பேர் கொண்ட ஒரு நிர்வாக சபை. நான் செயலாளர்.

ஒன்பது வருடத்துக்கு மேல் ஒருவரும் சபையில் இருக்கக்கூடாது என்பது விதி. இந்த வருடம் நான் உட்பட மூன்று பேர் விலகவேண்டும். இரண்டு கதிரைகளுக்கு எப்படியோ ஆள் பிடித்துவிட்டேன். ஐந்தாவது கதிரை காலி. இப்படியான மென்பொருள்களை வைத்துப் பராமரிக்கிற ஒரு தாய்ச் சங்கத்தின்கீழ்தான் நாங்கள் இருக்கிறோம். அவர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள்: மார்ச் கடைசி ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பெயர் வராவிட்டால் ஓசைப்பெட்டி காப்பகத்துக்குள் போகும். போனால் புதுப் பதிப்பு வெளியிட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. கோடையில் போன்களெல்லாம் புதிய முறைக்கு மாறும்போது ஓசைப்பெட்டி வாயை மூடிவிடும்.

ஓசைப்பெட்டிக்குப் பாவனையாளர்கள் நாலாயிரம் பேர் என்று சொன்னாலும், அந்த மௌனத்தை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஆள்தான். ஜெகதீஸ்வரி. மொன்றியலிலேயே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக இருக்கிறவர். முப்பத்தெட்டு வயதில் கண் அழுத்த நோயால் பார்வை போனது. ஒரு டாக்சி நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஏச்சு வாங்குவார். ஓசைப்பெட்டியை முதலில் போனில் போட்டுக்கொடுத்த அன்று, "இனி என்ர அக்கா என்னை ஏசி எழுதுறதை நான் தனியக் கேட்டு அழலாம் அண்ணை. மற்றவையைக் கொண்டு வாசிப்பிக்கத் தேவையில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் போன் எடுப்பேன். புதுப் பதிப்பில் எது பிழை என்று அவர் சொல்ல நான் குறித்துக்கொள்வேன். வைக்கும்போது மறக்காமல் கேட்பேன்: "சபைக்கு ஆரும் நல்ல ஆக்கள் தெரிஞ்சாச் சொல்லுங்கோ தங்கச்சி." அவரும், "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்பார். இப்படிப் பதினேழு சனிக்கிழமை.

கெடுவுக்கு எட்டு நாள் இருக்கையில் ஜான்-டலோன் சந்தையில் அருமைராசா அண்ணையைப் பிடித்தேன். பன்னிரண்டு வருடம் கோயில் சபையில் குப்பை கொட்டியவர். பூசணிக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள்தான் எனக்குக் கடைசி வழி. ஒரு கதிரை இருக்கு. வாங்கோவன்."

"எனக்கு போனில எழுத்தைப் பெரிசாக்கவே தெரியாது. விசரோ உனக்கு?" என்றார். "அது கிடக்கட்டும். நீ எப்பிடி ஆள் எடுக்கிறாய்?"

எங்கள் இணையத்தளத்தில் இருந்த படிவத்தைக் காட்டினேன். முதற் கேள்வியை அவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். "இப்பதவிக்கு மற்றவர்களைவிட நீங்கள் ஏன் தகுதியானவர் என்பதை இருநூறு சொற்களில் எழுதுக."

பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், மரக்கறிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"டேய் நகுலா, எங்கட ஆக்களில தன்ர பேரைத் தானே குடுத்தவன் ஆரும் இருக்கிறானே? ஒருத்தன் முன்மொழியோணும். ஒருத்தன் வழிமொழியோணும். அவர் எழும்பி எனக்கு வேண்டாம், என்னைவிடப் பெரிய ஆக்கள் இருக்கினம் எண்டோணும். திரும்பக் கேட்டாலும் வேண்டாம் எண்டோணும். மூண்டாந்தரம் கேக்கேக்கதான் சரி, எல்லாரும் கேக்கிறியள் எண்டு இருப்பார். நீ என்னடா எண்டா, நான்தான் வலு திறம் எண்டு இருநூறு சொல்லில எழுதித் தாங்கோ எண்டுறாய்!"

"அது உலகம் முழுக்க இருக்கிற முறை அண்ணை."

"அப்ப உலகத்திட்டையே போய் ஆள் கேள்."

மூக்கு உடைந்தது. ஆனாலும் மெத்ரோ ரயிலுக்கு நடந்துகொண்டே ஷபானாவுக்குப் போன் எடுத்தேன். ஷபானா சென்னைப் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். சபையில் தொடர்ந்து இருக்கப்போகிற இரண்டு பேரில் ஒருத்தி. அந்தப் படிவத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்க்கச் சொன்னேன்.

"ஐம்பத்தேழு பேர் தொறந்திருக்காங்க அங்கிள். முழுசா முடிச்சது ரெண்டே பேர். மத்த எல்லாரும் அந்த முதல் கேள்வியிலயே நின்னுட்டாங்க." பிறகு, "நானும்கூட அன்னைக்கு அதைப் படிச்சிட்டு மூடிட்டேன். நீங்கதான் போன் பண்ணித் திட்டி உள்ள இழுத்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அன்று மாலையே படிவத்தை மாற்றினாள். இப்போது அதில் ஒரே கேள்வி: யாரை முன்மொழிகிறீர்கள், ஏன்?

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து லொங்குய்யில் மெத்ரோ ஏறும்போது பார்த்தேன். பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். நான்கு மாதம் நான் நாயாய் அலைந்தும் கிடைக்காதது மூன்று நாளில் வந்து குவிந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஜெகதீஸ்வரி. ஜெகதீஸ்வரி. வேறொரு பெயர். திரும்ப ஜெகதீஸ்வரி. பத்தொன்பதில் பதினான்கு அவர். மட்டக்களப்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "பாவனையாளர் குழுவில் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் முதல் தரம் கேட்டதைப் போலப் பதில் சொன்னவர்." கோலாலம்பூரிலிருந்து இன்னொருவர்: "அவர் ஏற்கெனவே சபையில் இருக்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்."

பெரி-யுகாம் நிலையத்தில் இறங்கி, அடுத்த வண்டிக்கு மாற மறந்து நின்றேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் போட்டு அதை அழகாக்க விரும்பவில்லை. பதினேழு சனிக்கிழமை அந்த மனுஷியிடமே வேறு ஆள் கேட்டிருக்கிறேன். யோசித்து அவரை வேண்டாம் என்று தள்ளிவைத்தேன் என்றால்கூட அதில் ஒரு நியாயம் இருக்கும். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஓசைப்பெட்டி அவருக்காக நாங்கள் செய்த பொருள், அவர் வாங்கிக்கொள்கிறவர். என் மண்டைக்குள் அவ்வளவுதான் இருந்தது.

ஷபானாவிடம் கேட்டேன், உனக்காவது தோன்றவில்லையா என்று. "நீங்க கேட்டு அவங்க வேணாம்னு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் அங்கிள். கேக்கவே இல்லியா?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அருமைராசா அண்ணை சொல்லிவிட்டார்: "போனில கேட்டுக் கீட்டுத் துலைச்சிடாதை. நேர போ." வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பெட்டி வடையோடு போய்க் கதவைத் தட்டினேன். ஜெகதீஸ்வரி என் காலடி ஓசையிலேயே ஆளைப் பிடித்துவிட்டார்.

"என்ன அண்ணை, சனிக்கிழமை இன்னும் வரேல்லையே?"

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான்தான் வாங்கும்போது சிந்தினேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பதினான்கு பேர் முன்மொழிந்ததையும், அவர்கள் எழுதியதையும், ஞாயிறு மதியத்தையும்.

"எனக்கு வேண்டாம் அண்ணை. படிச்ச ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்" என்றார்.

அருமைராசா அண்ணையின் கணக்கு எனக்குள் ஓடியது. இது ஒன்று. "உங்களை விட்டா ஆளில்லை தங்கச்சி" என்றேன்.

"வேண்டாம் எண்டுறன்."

இது இரண்டு. சரி, மூன்றாந்தரம் கேட்டால் முடிந்தது என்று உள்ளுக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம். வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"கோயில் சபையில சொல்லுறது மாதிரிச் சும்மாச் சொல்லுறன் எண்டு நினைக்கிறியளோ? உண்மையாத்தான் சொல்லுறன். பதினேழு கிழமை என்னட்ட ஆரையும் தெரியுமோ எண்டு கேட்டியள். ஒவ்வொரு சனியும் நானும் இண்டைக்காவது என்னைக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். உங்கட படிவத்தையும் திறந்தனான். மற்றவைய விட ஏன் திறம் எண்டு கேட்டுது. மூடிப்போட்டன். அது போகட்டும். அந்தக் கதிரையில வந்திருந்து நான் என்னத்தை வாசிக்கிறது?"

எனக்கு விளங்கவில்லை.

"உங்கட கூட்டக் குறிப்புகள் அண்ணை. ஒன்பது வருசக் குறிப்பு இணையத்தில கிடக்கு. ஒண்டையாவது நான் கேட்டிருப்பன் எண்டு நினைக்கிறியளோ?"

அப்போதுதான் விளங்கியது. சபைக் கூட்டக் குறிப்பை நான் தட்டச்சு செய்வேன். பிறகு அச்சடித்து, கையெழுத்து வைத்து, யாழ்ப்பாணத்தில் செய்வித்த வட்ட முத்திரையை நீல மையில் குத்தி, அதைப் படமெடுத்துத் தளத்தில் போடுவேன். முத்திரை விழுந்ததுதான் மூலம். இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் என்று தட்டச்சுக் கோப்பை அழித்தும் விடுவேன். அந்த முத்திரையில் எனக்கு அவ்வளவு பெருமை. ஓசைப்பெட்டி எழுத்தை வாசிக்கும். படத்தை வாசிக்காது. கண் தெரியாதவர்களுக்கான மென்பொருளின் சபை, கண் தெரிந்தவர்கள் மட்டும் வாசிக்கக்கூடிய மாதிரி ஒன்பது வருடம் குறிப்பு எழுதியிருக்கிறது. எழுதினது நான்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

அவர் போனை எடுத்து, விரலால் தட்டித் தட்டி எதையோ தேடினார். பிறகு மேசையில் வைத்தார். ஓசைப்பெட்டியின் குரல், நாங்கள் செய்த அதே குரல், மேடு பள்ளம் இல்லாமல் வாசித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் எனக்கு எழுதிய மின்னஞ்சல். குறிப்புகளை எழுத்தாகவும் போடமுடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். பிறகு என் பதில் வந்தது.

"பாப்பம் தங்கச்சி. நகுலேஸ்வரன். செயலாளர்."

இருபத்தாறு பேரை எண்ணி வைத்திருந்தவன் நான். இருபத்தேழாவது ஆள் அந்தக் கதிரையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தான்.

"பிழை என்னில" என்றேன். எழும்பினேன். வாசலில் சப்பாத்தைக் கட்டும்போது, மூன்றாந்தரம் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். "சபைக்கு வாங்கோ தங்கச்சி."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"பாப்பம் அண்ணை" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். மொத்தம் முப்பத்தாறு கூட்டக் குறிப்புகள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற கருவி ஒன்றில் ஷபானா அவற்றைப் போட்டுப் பார்த்தாள். முத்திரை குத்திய இடமெல்லாம் ஒரே குப்பையாக வந்தது. எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டதும் தீர்மானங்களின் மேலேதான். கடைசியில் நானே இருந்து, பழையதிலிருந்து தொடங்கி, வரி வரியாகப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஒன்று முடிய ஒன்று தளத்தில் ஏற்றினேன். சனிக்கிழமை வந்தது. வழக்கமான நேரத்துக்குப் போனைப் பார்த்தேன், எடுக்கவில்லை. என்ன முகத்தோடு எடுப்பது?

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சும்மா சொல்லவில்லை, பாப்பம் என்றால் என்னவென்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? வேறு பெயர் வந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள் ஷபானா. கூப்பிட்டேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள், மூன்று பேர் பாப்பம் என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பத் தட்டச்சுக்குப் போனேன். ஓசைப்பெட்டி நின்றாலும் அதுவரைக்குமாவது அவர் கேட்கட்டும் என்று இருந்தது.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு முப்பத்தோராவது குறிப்பை ஏற்றினேன். வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பத்தாறுக்கு மின்னஞ்சல் வந்தது. ஷபானாவுக்கும் தாய்ச் சங்கத்துக்கும் பிரதி போயிருந்தது.

"அண்ணை, வெள்ளிக்கிழமை தொடக்கம் நீங்கள் ஏற்ற ஏற்ற நான் கேட்டுக்கொண்டு வாறன். எழுத்துப்பிழை கன இடத்தில இருக்கு, பிறகு சொல்லுறன். 2019 ஆவணிக் கூட்டம், நாலாவது தீர்மானம்: 'பாவனையாளர்களில் ஒருவரைச் சபையில் சேர்ப்பது குறித்துப் பின்னர் ஆராயப்படும்.' கீழ உங்கட பேர். ஆராய்ஞ்சு முடிஞ்சுதெண்டு எடுத்துக்கொள்ளுறன். எனக்குச் சம்மதம். மிச்சம் அஞ்சு குறிப்பையும் கெதியா ஏத்துங்கோ."