கேரவனுக்கு எத்தனை வயது

1

ஒரு செய்திக் கட்டுரையில் இடம் கிடைக்காமல் மிஞ்சியது இந்தக் கதை. 2009 ஜூலையில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நான் வேலை பார்த்த பத்திரிகைக்கு எழுதியது அந்தக் கட்டுரை. பவுண்டு சரிந்துவிட்டது, ஸ்பெயின் எட்டவில்லை, மக்கள் விடுமுறைக்கு உள்ளூர்க் கடற்கரையில் நிரந்தரமாக நிறுத்திவைத்த கேரவன்களுக்கே, அந்த வண்டி வீடுகளுக்கே, திரும்புகிறார்கள். எல்லாம் உண்மை. நோரீன் பிளேட்ஸ் அதில் ஒரு வரியாக வந்தார்.

2

'கடல் அன்று சாம்பல் நிறத்தில்...' (அடித்துவிட்டேன். அங்கே கடல் என்றுமே அப்படித்தான்.)

வேறு தொடக்கம். நோரீன் காலுறை ஆலையில் முப்பது வருடம் உழைத்தவர். கணவர் டெஸ்மண்டுக்கு நினைவு கரைந்துகொண்டிருந்தது. ஊரில், சொந்த வீட்டிலேயே கழிவறையைத் தேடுவார். கேரவன் பூங்காவின் மூன்றாம் வரிசையில் நிற்கும் அவர்களுடைய இந்தத் தகரப் பெட்டிக்குள் மட்டும் எதையும் தேடமாட்டார்.

3

நான் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது பூங்கா மேலாளர் கிளைவ் வந்தார்.

"நோரீன், பதினஞ்சு வயசுக்கு மேல வண்டி நிக்கக்கூடாது. அக்டோபர்ல எடுத்துடணும்."

"உனக்குக் கணக்கு வராதா கிளைவ்? வாங்குனது தொண்ணூத்தேழுல. இன்னும் மூணு வருஷம் கெடக்கு."

கிளைவ் மண்டியிட்டு, கதவோரத் தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தார். 1991. இன்னொருவர் வைத்திருந்து விற்ற வண்டி. பூங்கா வயதை எண்ணியது வண்டி செய்த ஆண்டிலிருந்து. நோரீன் எண்ணியது சாவி கைக்கு வந்த நாளிலிருந்து.

"மூணு வருஷமா இந்தத் தகடு உன் கண்ணுல படலையோ? எல்லாரும் ஸ்பெயினுக்குப் பறந்தப்ப, நீங்களாவது போயிடாதீங்கன்னு கேக்கோட வந்து நின்னியே."

"அப்ப பாதி இடம் காலி. இப்ப புது வண்டியோட வர வரிசையில நிக்கிறாங்க. மேலிடத்து உத்தரவு. நீங்களும் புதுசு வாங்குனா இதே இடம்தான்."

"வாங்கலாம். புது வண்டிக்குள்ள கெட்டில் எங்க இருக்குன்னு இவருக்கு யாரு சொல்லித்தருவா?"

உள்ளேயிருந்து டெஸ்மண்டின் குரல்: "யாரு, கிளைவா? உக்காரச் சொல்லு. சர்க்கரை ரெண்டுதானே?"

(கிளைவை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் தேநீரை நின்றபடியே, சுடச்சுடக் குடித்துவிட்டுப் போனார்.)

4

ஒரு முடிவு: என் கட்டுரையைப் படித்துப் பூங்கா உரிமையாளர் மனமிரங்குகிறார். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் கட்டுரை, புது வண்டியோடு நிற்பவர்களின் வரிசையை நீளமாக்கியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு முடிவு: கேரவனை எடுத்துப்போக லாரி வருகிறது. வந்தது. அதை நான் மாற்றப்போவதில்லை.

என்னால் எழுத முடியாதது அந்தப் பேட்டிக்கும் லாரிக்கும் இடையிலிருந்த பதினோரு வாரங்களை. பேட்டி முடிந்து என்னை வழியனுப்ப வந்த நோரீன் கேட்டார்: "இவர்கிட்ட இப்பவே சொல்லிடவா தம்பி? இல்ல, லாரி வர்றவரைக்கும் விட்டுடவா? எழுதுறவரு நீங்க, சொல்லுங்க."

நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

அந்த வாரங்களில் தினமும் காலையில் டெஸ்மண்ட் படியில் உட்கார்ந்து, "வர்ற வருஷம் இந்தக் கதவுக்குப் பச்சை அடிச்சிடலாமா?" என்று கேட்பாராம். நோரீன் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று வேண்டும்.