இரண்டாம் வரியில் நாலரை

என் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். எங்கள் பையனுக்கு நல்ல காது, எந்தப் பாட்டைக் கேட்டாலும் அப்படியே வாசித்துவிடுவான் என்று பெருமை பேசுவதாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். எனக்குக் காது வேண்டாம், கண் வேண்டும். பாட்டு எழுதிய பேப்பரில் ஐந்து கோடு, நான்கு இடைவெளி. அதில் உட்கார்ந்திருக்கும் நோட் எந்தக் கட்டை, எத்தனை எண்ணிக்கை என்று பார்த்து வாசிக்க வேண்டும். இருபத்துநான்கு வருடமாகத் தூத்துக்குடியில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கிருபாபாய் டீச்சர் வீடு என்றால் மில்லர்புரம் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். கோபக்காரி என்பதும் தெரியும்.

எந்தப் பாட்டையும் நான் முதலில் வாசித்துக் காட்ட மாட்டேன். காட்டினால் தொலைந்தது. பிள்ளைகள் பேப்பரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதில் கேட்டதை வாசித்துவிடுவார்கள். கட்டைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு எதுவும் என் வீட்டு வாசலைத் தாண்டாது. தேங்காய் எண்ணெய் தடவி நானே உரித்துவிடுவேன்.

தாளத்துக்கு மீன் வைத்திருக்கிறேன். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு நோட் என்றால் ‘மீன்’. அதே நேரத்துக்குள் இரண்டு என்றால் ‘சாளை’. மூன்று என்றால் ‘நெத்திலி’. முதல் இரண்டு வாரம் பியானோவைத் தொடவிடாமல் ‘மீன், மீன், சாளை, மீன்’ என்று கைதட்ட வைப்பேன். தெருவில் போகிறவர்கள் உள்ளே ஏலம் நடக்கிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படி நான் சலித்து எடுத்ததில் தேறியவள் ஒருத்திதான். செல்வலட்சுமி. வயது இருபத்தாறு, ஸ்ரீவைகுண்டத்துக்காரி, நெல் வயல் உள்ள குடும்பம். துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாகுமெண்ட் பிரிவில் வேலை. கப்பலில் ஏறும் சரக்கின் காகிதங்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. பெட்டி எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் பெட்டி நகராது. சைவ வீட்டுப் பிள்ளை என்பதால் மீன் பேர்களைச் சொல்ல வாய் கூசியது. அவளுக்காக மட்டும் அவற்றைப் ‘பால்’, ‘தோசை’, ‘இட்டிலி’ என்று மாற்றினேன். மற்றபடி ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பேப்பரில் இருந்ததை வாசித்தாள், இல்லாததை வாசிக்கவில்லை. அவள் வாசிப்பதைக் கேட்கும்போது, நான் வீணாகக் கத்தவில்லை என்று மனம் நிறைந்துவிடும்.

தேறாதவர்களில் பெரிய ஆள் ரெனிஷ். எங்கள் சர்ச் கமிட்டிச் செயலாளர் பொன்னுதுரை அண்ணாச்சியின் பேரன், இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். பள்ளிக்கூட நாட்களில் மூன்று மாதம் என்னிடம் வந்தான். அவன் காதால் வாசிப்பதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, அவனுக்குத் தெரிந்த ஒரு பாட்டில் இரண்டு நோட்டை நானே மாற்றி எழுதிக் கொடுத்தேன். பயல் மாற்றாத பாட்டையே வாசித்தான். “பேப்பர்ல இல்லாததை எப்படிலே வாசிச்சே?” என்று கேட்டேன். “அதுதான மிஸ் நல்லா இருக்கு” என்றான். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணாச்சிக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சர்ச்சில் பியானோ வாசிப்பதும் நான்தான். அதுவும் இருபத்துநான்கு வருடம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சிக்கோ, ரிதம் பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் தானாக அடிக்கும் கீபோர்டு ஒன்று வாங்கி, பேரனை அதில் உட்கார வைக்க வேண்டும் என்று ஆசை. கமிட்டியில் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அமுக்கிவந்தேன். போன செப்டம்பரில் புதுப் பஸ் ஸ்டாண்டில் படி தவறி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த அண்ணாச்சி, “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர், ரெனிஷ் லீவுல வந்திருக்கான்லா” என்றார். ஆறு வாரம் அவன் உட்கார்ந்தால் ஏழாவது வாரம் எனக்கு அங்கே இடமிருக்காது. எனக்குத் தெரியாதா?

“வேண்டாம் அண்ணாச்சி. என் ஸ்டூடண்ட் வாசிப்பா. பேப்பரைப் பாத்து வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை” என்றேன். அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில், சைவப் பிள்ளையா சர்ச்சில் வாசிப்பது என்று உறுப்பினர் ஜெயபாய் அக்கா கேட்டாள். பியானோவுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்தாச்சா என்று நான் கேட்டேன். குருவானவர் சிரித்துவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செல்வலட்சுமி எங்கள் பாட்டுகளில் ஒன்றைக்கூட அதற்கு முன் கேட்டதில்லை. நானும் வழக்கப்படி வாசித்துக் காட்டவில்லை. நோட் அச்சடித்த பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன், சபை ஞாயிறுதோறும் பாடும் நான்கு பாட்டையும் ஒரு வாரத்தில் பிசகில்லாமல் வாசித்துவிட்டாள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஆராதனையின் முதல் பாட்டு. சபையார் எழுந்து நின்றார்கள். முதல் வரியின் கடைசி நோட் பேப்பரில் இரண்டு எண்ணிக்கை. செல்வலட்சுமி இரண்டு எண்ணிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். சபை போகவில்லை. முன்வரிசையில் அண்ணாச்சியின் கனத்த குரல் அந்த நோட்டில் நங்கூரம் போட்டு நின்றது, மூச்சு தீரும்வரை. அவரோடு இருநூறு பேரும் நின்றார்கள். அவர்கள் இரண்டாம் வரியைத் தொடங்கியபோது இவள் அதில் பாதி வந்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி கூடியது. ஐந்து சரணத்தையும் வாசித்து முடித்துவிட்டு அவள் கையை மடியில் வைத்துக்கொண்டபோது சபை நாலாம் சரணத்தின் நடுவில் நின்றிருந்தது. மீதியை அவர்களே பாடி முடித்தார்கள். மற்ற மூன்று பாட்டும் அதே கதிதான்.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். “நல்ல பிள்ளைதான் டீச்சர். பாட்டுதான் தெரியல” என்று மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செல்வலட்சுமி அழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். “எங்கன தப்பு விட்டேன் மிஸ்? காட்டுங்க.”

“தப்பு இல்லைளா. வரி முடியுற இடத்துல கொஞ்சம் நிக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“அவங்க விடுற வரைக்கும்.”

“எங்கன போட்டிருக்கு?”

எங்கேயும் போட்டிருக்கவில்லை. என் பழைய புத்தகத்தை எடுத்தேன். வகுப்புப் புத்தகங்களில் நான் பென்சிலால் கிறுக்காத பக்கமே இல்லை, ஆனால் இந்தச் சர்ச் புத்தகத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. இருபத்துநான்கு வருடமாக அதைப் பியானோவின் மேல் விரித்து வைத்திருக்கிறேன், பார்த்ததில்லை. எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அம்மாவின் பக்கத்தில் நின்று பாடி மனப்பாடமான பாட்டுகள். வரி முடிவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று என் காதுக்குத் தெரியும், அதனால் கை நின்றது. ரெனிஷை எதற்காகத் துரத்தினேனோ அதையேதான் ஞாயிறுதோறும் குருவானவர் முன்னிலையில் செய்துவந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, “எல்லாம் கேட்டு வாசிச்சாத் தானா வரும்” என்று எரிந்து விழுந்தேன்.

“கேட்டு வாசிக்கக் கூடாதுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?” என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அடுத்த ஞாயிறு ரெனிஷ் கீபோர்டோடு வந்தான். ரிதம் பொத்தானை அமுக்கினான். டிரம்ஸ் அடித்தது. வரி முடிவில் அண்ணாச்சி நின்றதும் பொத்தானை அமுக்கி டிரம்ஸை நிறுத்தினான், அவர் மூச்சு விட்டதும் மறுபடி அமுக்கினான். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கல்யாண ஊர்வலம் சிக்னலில் நின்று நின்று போவதுபோல் இருந்தது, ஆனாலும் சபை முழுவதும் ஒன்றாகப் பாடியது. பின்வரிசையில் செல்வலட்சுமி பாட்டுப் புத்தகத்தின் நகலும் பென்சிலுமாக உட்கார்ந்து, உதட்டில் எண்ணி எண்ணி எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, நான்கு பாட்டுக்கும் கம்ப்யூட்டரில் அடித்த பேப்பரைக் கொண்டுவந்தாள். தலைப்பில் ‘திருத்தம் 1’ என்று போட்டுத் தேதியும் போட்டிருந்தாள். அவள் ஆபீசில் அதுதான் வழக்கம்.

“முதல் பாட்டுல, முதல் வரி முடிவுல மூணு எண்ணிக்கை கூடுதல் மிஸ். அஞ்சு சரணத்துலயும் அதேதான். ரெண்டாவது வரியில நாலரை.”

“அது என்னளா அரை?”

“பொன்னுதுரை சார் அங்கன கண்ணாடியைத் தூக்கி விடுதாங்க. அதுக்கு அரை ஆகுது. மூணாவதுல ரெண்டுதான். பின்னால இருக்கிறவங்க அவரை முந்திருதாங்க. நாலாவதுல ஆறு.”

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பேப்பரில்தான் என் நாற்காலி தொங்கிக்கொண்டிருந்தது. ரெனிஷ் காலேஜ் திறந்துவிட்டது என்று கோயம்புத்தூருக்கு ரயிலேறியிருந்தான். டிரம்ஸ் சத்தம் ஆகவில்லை என்று வயதானவர்கள் இரண்டு பேர் குருவானவரிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று நானே போய்க் கேட்டேன்.

அந்த மூன்றாவது ஞாயிறு அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்காகச் சாத்தான்குளம் போய்விட்டார். நான் பயந்தேன். நிறுத்துகிறவர் இல்லை, பேப்பரில் மட்டும் அவர் மூச்சு இருக்கிறது. முதல் வரி முடிந்தது. எப்போது விடுவது என்று தெரியாமல் சபை பியானோவைப் பார்த்தது. பியானோ மூன்று எண்ணிக்கை கூடுதலாக நின்று நகர்ந்தது. சபையும் நகர்ந்தது. இரண்டாம் வரியில் நாலரை. இல்லாத கண்ணாடிக்காக இருநூறு பேர் காத்திருந்தார்கள். கடைசிச் சரணத்தில் எல்லோரும் ஒரே வாயாக முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்த அண்ணாச்சி விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு நகல் வாங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அச்சடித்த எதன்மேலும் அவருக்கு மரியாதை உண்டு. அடுத்த ஞாயிறு அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினார். அவருடைய மூச்சு அவருக்கே போதாத இடத்தில்கூடப் பேப்பரில் போட்டிருக்கிறது என்று முகம் சிவக்க நின்றார். அதைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு நகல் கேட்டார்கள். அக்டோபர் கடைசிக்குள் எங்கள் சர்ச்சில் பேப்பர் இல்லாமல் பாடுகிறவர்கள் இல்லை என்றாகிவிட்டது. என் முறை ஜெயித்துவிட்டது என்று வகுப்பில் பெருமையடித்தேன்.

நவம்பரில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். முதல் ஞாயிறே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். விரல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. எப்போதும்போல வாசித்தேன்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி மேஜையில் பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

“குத்தம் சொல்லுதேன்னு நினைக்காதீங்க டீச்சர். ரெண்டாவது வரியில நாலுதான் விட்டீங்க. இதுல நாலரை போட்டிருக்கு. நாலாவதுல ஒரு சரணத்துல அஞ்சு, ஒரு சரணத்துல ஏழு. சபை தடுமாறிப் போச்சு.”

அந்த அரை உங்கள் மூக்குக் கண்ணாடி ஐயா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“ஒரு ஆள்தான் வாசிக்கணும். அது யாருன்னு நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு நீங்க வாசிச்சது சரியா, அந்தப் பிள்ளை வாசிக்கிறது சரியா?”

வாசலில் நின்ற செல்வலட்சுமி, “மிஸ்ஸே வாசிக்கட்டும் சார். அவங்க கை சரியாகுற வரைக்கும்தான நான் வந்தேன்” என்றாள். அவள் குரலில் கள்ளம் இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டு பேப்பரில் இல்லை, பாடுகிறவர் மூச்சில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அறையில் இருந்தவர்களில் நான்கு பேர் என் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மார். அவர்கள் வீட்டுக் கீபோர்டுகளில் நான் எண்ணெய் தடவி ஸ்டிக்கர் உரித்திருக்கிறேன்.

“பிள்ளை வாசிக்கிறதுதான் சரி” என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம்.

அடுத்த ஞாயிறு சபையாரோடு நின்றேன். செல்வலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி மணிக்கட்டைத் தளர்த்தி, அழகாக வாசித்தாள். பெருமையாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பாடிப் பாடி மனதைச் சரி செய்துகொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். மூன்றாவது வரியின் முடிவில் என் குரல் நன்றாக வந்துவிட்டது, விட மனசில்லை. சபை முழுவதும் இரண்டு எண்ணிக்கையில் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தது. அந்தப் பெரிய கட்டடத்தில் நான் ஒருத்தி மட்டும் பழைய வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து தலைகள் திரும்பின. பக்கத்தில் நின்ற ஜெயபாய் அக்கா தன் பேப்பரை என் பக்கமாக நீட்டி, நான் நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.