விழுந்தாலும் கைதட்டல்

குறை அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அலுவலகம்தான். வீடியோ கேம் வெளியே போகும் முன் அதை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவளுடைய உத்தியோகம். குறை சொல்லச் சம்பளம் கொடுத்துவிட்டு, சொன்னால் முகம் சுளிக்கிற கூட்டத்தில் ஒன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள்.

இந்தத் தடவை சர்க்கஸ் கேம். மலிவு விலையில் பன்னிரண்டு சாகசம் என்று விளம்பரம். சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் பாயாமல் வளையத்தையே ஊடுருவிக்கொண்டு போனது. பார்வையாளர் வரிசையில் அதே ஐந்து முகங்கள் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும்விடக் கொடுமை கைதட்டல்தான். காட்சி முடிந்தால் கைதட்டு என்று ஒரே கட்டளையாக எழுதித் தொலைத்திருந்தார்கள். கயிற்றில் நடப்பவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாலும் கைதட்டல், தலைகுப்புற விழுந்தாலும் அதே கைதட்டல்.

முதல் நாளே முதலாளியிடம் போய் நின்றாள்.

"விழுந்தவளைப் பார்த்து யாராவது கை தட்டுவாங்களா சார்?"

"கல்லையா எறியறாங்க? கைதட்டல்தானே, விடுங்க."

விடாமல் நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு சாகசம் வேண்டாம், மூன்றை உருப்படியாகச் செய்யலாம். விழுந்தால் கூடாரம் ஒரு நொடி மூச்சடங்கிப் போகட்டும், அப்போதுதான் அடுத்த தடவை ஆடுகிறவனுக்குக் கை நடுங்கும் என்றெல்லாம். எட்டு மாதம் ஓடியது. கேம் வெளிவந்தது. வாங்கியவர்கள் காறித் துப்பினார்கள். ஜனங்களுக்கு ரசனை போதாது என்றார் முதலாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, கேம் விற்கும் தளத்தில் 'கூடாரவாசி' என்ற பெயரில் அந்த நான்கு பக்கத்தையும் அப்படியே ஏற்றிவிட்டாள். கம்பெனி கேமைப் பற்றி ஊழியர் வெளியே எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி எல்லோரையும் கூட்டினார். கையில் அந்த விமர்சனம், அச்செடுத்து, வரிக்கு வரி மஞ்சள் பூசி.

"மூளைன்னா இது மூளை! விழுந்தா மூச்சடங்கணுமாம். நம்ம ஆளு ஒருத்தருக்காவது இது தோணுச்சா?"

அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நான் எழுதிக் கொடுத்தேனே சார்."

"நீங்க குறை சொன்னீங்கம்மா. இவன் வழி சொல்றான். வித்தியாசம் இருக்குல்ல?"

ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை. அப்படியானால் அந்த நான்கு பக்கத்தை எட்டு மாதத்தில் ஒரு பிராணிகூடத் திறந்து பார்க்கவில்லை. அதுதான் அவளை அறைந்தது.

கூட்டம் கலைந்ததும் முதலாளி அவளை மட்டும் நிறுத்தினார். "இவனை எப்படியாவது புடிச்சுப் போடணும். உங்க இடத்துக்குத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. மாசக் கடைசியில வேலையை ஒப்படைச்சிடுங்க. அழைப்பு லெட்டரையும் நீங்களே எழுதிடுங்க, உங்களுக்குத்தான் பதமா எழுத வரும்."

நான்தான் அது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் விதியை மீறியவள் என்ற முத்திரையோடு இன்றைக்கே வெளியே போக வேண்டும். இந்த வயதில் அதோடு எந்தக் கம்பெனி படியேறுவது? எழுதினாள். அந்தத் தளத்தின் வழியாகவே கூடாரவாசிக்கு அனுப்பினாள். அவள் கைப்பையிலேயே போன் அதிர்ந்தது.

கழிவறைக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு பதில் போட்டாள்: 'விருப்பமில்லை. உங்கள் ஆளையே கேட்டிருக்கலாம்.'

முதலாளி அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "திமிர் புடிச்சவன். போகட்டும், இவனை மாதிரி இன்னொருத்தன் கிடைக்காமலா போயிடுவான்?"

நீங்களே இருங்கள் என்று சொல்வார் என ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். வெட்கக்கேடு, நின்றாள். அவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் சவுண்டுக்காரர் வந்தார். "அக்கா, அந்தக் கைதட்டலைச் சரி பண்ணிட்டேன். கொஞ்சம் பார்த்துச் சொல்லிடுங்க." அரை மணி நேர வேலையாம்.

அவள் கயிற்றுக்காரியைப் பாதி வழிவரை நடத்திக்கொண்டு போய், வேண்டுமென்றே கீழே தள்ளினாள். கூடாரத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த ஐந்து முகங்களும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தன.

'சரியாக வேலை செய்கிறது' என்று எழுதிவிட்டு, மேஜை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினாள்.