விருந்தாளிக்காகப் பெருக்காத நாள்

அரவை இயந்திரம் உறுமத் தொடங்கியபோது நசிகா மலைக்குப் பின்னால் இன்னும் வெளுக்கவில்லை. லாரி கொட்டுகிற பாறையை அது கடித்து நொறுக்கித் துப்ப, ஜல்லி பெல்ட்டில் ஏறிப்போய்க் குவியலில் விழுந்தது. வழியில் சிந்துவதை அள்ளித் திரும்பப் போடுவது அகனிசியின் வேலை. பெல்ட்டுக்கு அடியில் நிமிர இடம் கிடையாது. குனிந்தபடியே ஷவலால் வாரி, குனிந்தபடியே மேலே வீச வேண்டும். முகத்தில் கட்டியிருந்த கிழிசல் துணி அரைமணி நேரத்துக்குள் எச்சிலிலும் கல்தூளிலும் ஊறிக் களியாகி உதட்டில் ஒட்டிக்கொண்டது. துப்பினால் சாம்பல். மூக்கைச் சிந்தினால் சாம்பல். வீட்டிலிருந்து கொண்டுவந்த மரவள்ளிக் கிழங்கைக் கடித்தாலும் பல்லிடுக்கில் நறநறவென்று அதே கருமம்.

பெல்ட்டுக்கு மேலே தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் வரிசையாக இருந்தன. தூசியை அடக்கத்தான் அவை. பம்பு கெட்டுவிட்டது என்றார்கள். அகனிசி வேலைக்குச் சேர்ந்த நாளில் அது கெட்டுக் கிடந்தது. அதற்கும் முன்னால் அவள் புருஷன் சிரேலி பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் கெட்டுத்தான் கிடந்தது. சிரேலி இப்போது வீட்டோடு இருக்கிறான். நெஞ்சுக்குள் கல்தூள் படிந்துவிட்டது, அதை எடுக்க மருந்தில்லை என்று தலைநகர் சுவாவில் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். மரத்தைத் தோளில் தூக்கி மலை ஏறின மனிதன், கக்கூஸுக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுகிறான்.

அந்தத் திங்கட்கிழமை பம்பு ஓடியது.

திடீரென்று தலைமேல் பூந்தூறலாகத் தண்ணீர் விழவும் அகனிசி பயந்து வெளியே வந்துவிட்டாள். பெல்ட்டைச் சுற்றி எப்போதும் நிற்கிற புகைமூட்டம் அப்படியே தரையில் அமுங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் எதிரே இருக்கிற குவியலை அவள் அன்றுதான் தெளிவாகப் பார்த்தாள்.

"என்னண்ணே, புது பம்பா?" என்று அரவை இயந்திரத்தை ஓட்டுகிற ராம்சமுஜைக் கேட்டாள்.

"பழசுதாம்மா. ஒரு வாஷர் மாத்தினாங்க. அவ்வளவுதான்."

"ஒரு வாஷரா?"

"ஆமா" என்றான் ராம்சமுஜ். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

விரல் நுனியில் நிற்கிற ஒரு ரப்பர் வளையம். அதற்குத்தான் சிரேலியின் நெஞ்சைக் கொடுத்தோமா என்று அகனிசி நினைத்தாள்.

முதலாளி கிரெக் வேனில் வந்து இறங்கினான். ஆஸ்திரேலியாக்காரன். பேச்சில் எப்போதும் தேன் வடியும், அதைத் துடைக்கத் துணி தேட வேண்டும். வேனுக்குள் வாத்துகள் கத்தின.

"வியாழக்கிழமை சுவாவிலேர்ந்து சுற்றுச்சூழல் ஆய்வுக்காரங்க வர்றாங்க. அவங்க சரின்னு எழுதினாத்தான் மேல இருக்கிற அரசாங்கக் காடு நமக்குக் கிடைக்கும். காடு கிடைச்சா கல்லு. கல்லு இருந்தா உங்களுக்குச் சோறு. புரியுதா?"

"வாத்து எதுக்கு பாஸ்?" என்றான் தண்ணீர் லாரி ஓட்டுகிற நெமானி. அந்த லாரி இத்தனை நாளும் கிரெக்கின் ஆபீஸுக்குப் போகிற பாதையை மட்டும்தான் நனைத்துவந்தது.

"கழிவுக் குட்டையில விடணும். வாத்து நீந்துற தண்ணிய யாரு அழுக்குன்னு சொல்லுவா?"

"அதுங்களுக்கும் மாஸ்க் உண்டா?"

யாரோ சிரித்தார்கள். கிரெக்கும் சிரித்துவைத்தான். பிறகு அட்டைப் பெட்டியைப் பிரித்து, பஞ்சு வைத்த புது மாஸ்க்குகளைக் காட்டினான். "ஆளுக்கு ஒண்ணு. வியாழக்கிழமை காலையில போட்டுக்கணும். அவங்க போனதும் கழட்டித் திருப்பிக் கொடுத்துடணும். அழுக்காக்காதீங்க."

அகனிசி கேட்டாள். "பாஸ், மறுநாள்?"

"மறுநாள் என்ன?"

"மறுநாள் தூசி இருக்காதா?"

"அகனிசி, நீ நல்ல பொண்ணு. போன தடவை நீ கட்டின மாலைய அந்த ஆபீசருங்க இன்னும் பேசுறாங்க. அதே மாதிரி பண்ணிடு. அவங்க இருக்கிற வரைக்கும் மெஷின நிறுத்திடலாம். விருந்தாளிய எப்படி நடத்தணும்னு உங்க ஊருக்கு நானா சொல்லித் தரணும்?"

அதுதான் அவளைச் சுட்டது. போன வருஷம் கிரெக் காட்டின் ஓரத்தை மட்டும் கேட்டதற்கு ஆய்வு வந்தபோது, அவன் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவேயில்லை. ஊருக்கு ஆள் வருகிறது என்றால் இந்த ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. அவர்களாகவே ஈர்க்குமாற்றை எடுத்துக் குவாரி முழுக்கப் பெருக்கினார்கள். வந்தவர்கள் சட்டையில் தூசி படக்கூடாதே என்று அவர்களாகவே இயந்திரத்தை நிறுத்தினார்கள். பூச்சட்டை போட்டு, மாலை சூட்டி, பாய் விரித்து, யாங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துச் சிரட்டையில் நீட்டினார்கள். விருந்தாளிகள் கைதட்டி வாங்கிக் குடித்தார்கள். 'தூசியற்ற, தூய்மையான பணியிடம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஓரக்காடு போயிற்று. அடுத்த மழைக்கு ஓடை பால்போல வெளுத்து வந்தது. பெண்கள் கூடை வைத்து இறால் பிடிக்கிற மடுவெல்லாம் சேறு மூடிக்கொண்டது. தன் மரியாதையாலேயே தன் கண்ணில் மண்ணைப் போட்டுக்கொண்ட ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது கேட்கிற காட்டில்தான் ஓடையின் ஊற்று இருக்கிறது.

மத்தியானம் லாரி நிழலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அகனிசி சொன்னாள். "நான் மாலை கட்டப்போறதில்ல. பெருக்கவும் மாட்டேன்."

"மெஷினாவது நிறுத்தணுமேம்மா. வர்றவங்க மேலயா தூசிய அடிக்கிறது? அசிங்கமாயிடாது?" என்றான் ராம்சமுஜ். ரொட்டியை அவன் இன்னும் பிய்க்கவில்லை.

"அசிங்கம் யாருதுண்ணே? நம்முதா, அவனுதா? அவன் பேண்டு வச்சத நாம ஏன் பூப்போட்டு மூடணும்?"

"பேச நல்லாத்தான் இருக்கு. பெர்மிட்டு கிடைக்கலேன்னா குவாரிய மூடிருவான். என் மக டீச்சர் படிப்புல பாதியில நிக்கிறா."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அகனிசிக்கும் அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

"குவாரிய மூடச் சொல்லலண்ணே. கீழயே இன்னும் வெட்டக் கல்லு கிடக்கு. தண்ணிய தினமும் விடட்டும். மாஸ்க்க தினமும் குடுக்கட்டும். ஊத்துக் காட்ட விட்டுடட்டும். ஒரு வாஷர்லண்ணே இருக்கு நம்ம உசுரு! நீங்க ராத்திரி இருமறது உங்க மகளுக்குக் கேக்குதா இல்லையா?"

ராம்சமுஜ் ரொட்டியை மடித்து மூடிவைத்தான். "கேக்குது. கேட்டா சளின்னு சொல்லி வச்சிருக்கேன்."

நெமானி அவளுக்கு மாமன் மகன். கேலி பேச உரிமை உள்ளவன். "ஏன் மச்சினி, அப்ப அன்னைக்கு நாம என்னதான் பண்றது?"

"தினமும் பண்றதத்தான் மச்சான்."

"அடிப்பாவி! ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு வேலைய விட்டுத் தூக்கின முதல் ஆளு நானாத்தான் இருப்பேன்."

இந்தத் தடவை ராம்சமுஜும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. அடங்கின பிறகு, "மெஷின் என் கையில. நான் நிறுத்தமாட்டேன்" என்றான்.

வியாழக்கிழமை வந்த குழுவுக்கு லித்தியா என்ற அம்மாள் தலைவி. போன வருஷம் வந்தவளும் அவள்தான். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மாலைக்குக் கழுத்தைக் குனியப்போகிறவள்போலப் புன்னகைத்தாள். யாரும் எதிரே வரவில்லை. அரவை இயந்திரம் பற்களைக் கடித்துக்கொண்டு ஓடியது. ராம்சமுஜ் பம்பை நிறுத்திவைத்திருந்தான்; குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்தூள் எழுந்து குழுவின் வெள்ளைச் சட்டைகள்மேல் அப்பியது. எல்லோர் முகத்திலும் பழைய கிழிசல் துணி. புது மாஸ்க்குகள் பெட்டியிலேயே கிடந்தன.

"நிறுத்து! அந்த எழவ நிறுத்துடா!" கிரெக் ஓடிவந்தான்.

"ஏன் பாஸ்? தினமும் நிறுத்தினா சம்பளத்தப் பிடிப்பீங்களே" என்று மேலேயிருந்து கத்தினான் ராம்சமுஜ்.

அகனிசிக்குப் பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவளைக் குப்பையில் உட்காரவைப்பதுபோல அவள் உடம்பு கூசியது. ஆனாலும் ஷவலோடு பெல்ட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

லித்தியா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். "போன வருஷம் இப்படி இல்லையே?"

"இப்படித்தாம்மா இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு நாங்கதான் பெருக்கி மறைச்சோம். மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு உங்களுக்கு மாலை இல்ல."

"இவ புருஷன் சீக்காளி மேடம். அந்த ஆத்திரத்துல பேசுறா" என்றான் கிரெக்.

"ஆமா பாஸ், சீக்காளிதான். எங்க வாங்கின சீக்குன்னும் சொல்லுங்க." அவள் மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். ராம்சமுஜ் பம்பை ஓடவிட்டான். தூறல் விழுந்தது. கண்ணெதிரே தூசி படுத்துவிட்டது. "பாத்தீங்களாம்மா? ஒரு வாஷர். திங்கட்கிழமைதான் போட்டாங்க, நீங்க வர்றீங்கன்னு."

பிறகு அகனிசி லித்தியாவைக் குட்டைக்குக் கூட்டிப்போனாள். வாத்துகள் எல்லாம் கரையேறி, சிமெண்டில் தோய்த்து எடுத்ததுபோலச் சிறகு ஒட்டி நின்றன. நெமானி ஒன்றைப் பிடித்து நீரில் விட்டுப் பார்த்தான். அது அடுத்த நிமிஷமே வெளியே வந்து தலையை உதறிற்று. வாத்துக்கே அருவருப்பாக இருக்கிற தண்ணீர் ஓடையில் இறங்கி, ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

புறப்படும்போது லித்தியா சொன்னாள். "பாத்தத எழுதுவேன். முடிவு என் கையில இல்ல. மேல இருக்கிறவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"போன தடவையும் பாத்ததத்தாம்மா எழுதினீங்க. அதான் இந்தத் தடவை சரியாக் காட்டினோம்."

ஜீப் மறைந்ததும் கிரெக்கின் தேன் வற்றிவிட்டது. "அகனிசி, நாளைலேர்ந்து நீ வராத. மத்தவங்க ஒழுங்கா வேலைக்கு வந்தா நடந்தத மறந்துடுறேன்."

மறுநாள் விடியும்போது அரவை இயந்திரம் உறுமவில்லை. அந்த மௌனத்தில் கீழே ஓடையின் சத்தம் கேட்டது. குவாரியின் கேட்டுக்கு வெளியே புழுதியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ராம்சமுஜ் மகளையும் கூட்டிவந்திருந்தான். கிரெக் உள்ளேயிருந்து, "அவளத் தவிர மத்தவங்க உள்ள வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவை அவன் கூப்பிடவில்லை. சுவாவுக்கு போன் போட ஆபீஸுக்குள் போனான். பெர்மிட் கிடைக்குமா என்று அன்று யாருக்கும் தெரியாது, அந்த வாரச் சம்பளம் வருமா என்பதும் தெரியாது.

அப்போது கீழே மலைப்பாதையில் ஓர் ஆள் ஏறி வருவது தெரிந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்றான். முழங்காலைப் பிடித்துக் குனிந்தான். மறுபடி நடந்தான். ஓடையில் இறால் பிடிக்கிற பெண்கள் கூடையும் கிழங்குப் பானையுமாக அவன் பின்னால் வந்தார்கள். யாரும் அவனை முந்தவில்லை.

அகனிசி எழுந்து, காவல் கொட்டகையில் சாத்தியிருந்த ஈர்க்குமாற்றை எடுத்தாள். கூட்டத்தின் நடுவே ஓர் இடத்தைப் பார்த்துப் பெருக்கத் தொடங்கினாள்.

"பெருக்கமாட்டேன்னு சொன்ன? யாரு வர்றாங்கன்னு இந்தப் பெருக்கு?" என்றான் நெமானி.

"விருந்தாளி வர்றாங்க மச்சான்."

நெமானி பாதையைப் பார்த்தான். இரவில் வீட்டுக்கு ஓட்டிப்போய், காலையில் உள்ளே கொண்டுபோகாமல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்த தண்ணீர் லாரியிடம் போனான். குழாயை இழுத்துவந்து, அவள் பெருக்கின இடத்தில், சிரேலி வந்து உட்காருவதற்கு முன்னால் தூசி முழுக்க அடங்கும்வரை தண்ணீர் தெளித்தான்.