ஃபாங் யென்னிடம் இருந்த குரல்

பாடகி ஃபாங் யென்னின் குரல் அய்யாக்கண்ணுவின் தொண்டைக்குள் வந்து சேர்ந்தபோது மேடையில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் அவருடைய குரல் அவளிடம் போய்விட்டது. ஏழாம் மாதத்தில் இப்படி நடப்பது உண்டு. யாரும் வேலையை நிறுத்தவில்லை.

தப்பு அவர்மேல்தான். சீனர்களின் ஏழாம் மாதத்தில் செத்தவர்கள் ஊருக்குள் வருவார்கள். அவர்கள் கேட்பதற்காகத் திடலில் மேடை போட்டு, பேர்போன பாடகர்களைக் கொண்டுவந்து பாட வைப்பார்கள். முன்வரிசைச் சிவப்பு நாற்காலிகள் செத்தவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்கள் அதில் உட்காரக் கூடாது. மலேசியாவில், இந்தப் பட்டர்வொர்த்தில் நாற்காலி இறக்குகிற எல்லோருக்கும் இது தெரியும்.

ஆனால் நாற்காலிகளைப் பின்னாலிருந்துதான் போட்டுக்கொண்டு வருவார்கள். கால் ஓய்கிற நேரத்தில் முன்வரிசை வந்து சேரும். அய்யாக்கண்ணு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஃபாங் யென் மைக்கைச் சோதிக்க ஒரு வரி பாடினாள். முன்வரிசைக்குப் பாடுவது முன்வரிசைக்குத்தான் போகும்.

"அண்ணே, அங்க என்னா லா உக்காந்துகிட்டு" என்றார் வேலையை மேற்பார்வை பார்க்கிற மோகனதாஸ். "இன்னும் பாக்கி கெடக்கு பாருங்க."

இதோ வர்றேன் என்று சொல்லத்தான் அய்யாக்கண்ணு வாயைத் திறந்தார். சீனப் பாட்டு ஒன்று வந்தது. பெண் குரல். சுருதி விலகவில்லை.

தாஸ் முழுப் பல்லவியையும் கேட்டார்.

"முன்னால உக்காந்துட்டீங்களா?"

அய்யாக்கண்ணு கீழே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. மாசம் முடிஞ்சா தானா திரும்பிடும். நாற்காலிய எடுங்க."

மாசம் முடிகிறவரை காத்திருக்க முடியாது. அன்று ஏழு மணிக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஊரில் மகள் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தட்டு மாற்றும் முன் அப்பன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். போனில் சொன்னாலும் போதும், ஆனால் சபையே கேட்க வேண்டும் என்று மச்சினன் சின்னத்துரை பேசி முடித்திருந்தான். பேசியது, முடித்தது எல்லாம் அவன்தான்.

அய்யாக்கண்ணு செல்பேசியில் இருந்த மகளின் படத்தைக் காட்டினார். கழுத்தைச் சுற்றி மாலை போடுவதுபோல் கை வைத்தார். பிறகு கடிகாரத்தைக் காட்டினார்.

"அட, இன்னைக்கா அது" என்றார் தாஸ். "வாங்க, அந்தம்மாவையே கேப்போம்."

மேடைக்குப் பின்னால் பாடகர்களின் கூடாரம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு லாரி நீளம். உள்ளே நடக்க நடக்க நீண்டது. வழியில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. தாஸ் கொஞ்ச நேரம் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மறுபடியும் நடந்தார்கள்.

கம்பியில் ஜிகினா உடுப்புகள் தொங்கின. அவை தமக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. ஒப்பனை செய்கிற பெண் நேற்றிலிருந்து மேஜை விசிறியாக இருந்தாள். லீவு எடுக்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி எல்லோருடைய பவுடரையும் காயவைத்தாள்.

பொன்னிறக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாடகர் தோங். ஒரு காலத்தில் அவர் பாட்டு ஓடாத சீனக் கடை அந்தப் பக்கத்தில் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், தமிழ் பேசுவார்.

"முன்வரிசையா?" என்றார்.

"ஆமா அங்கிள்."

"போன வருசம் என் கொரலு டுரியான் பழம் விக்கிறவன்கிட்ட போயிருச்சு. திருப்பிக் குடுத்துட்டான். வாசன மட்டும் இன்னும் இருக்கு."

அவர் ஒரு வரி பாடிக் காட்டினார். இருந்தது.

ஃபாங் யென் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பொய் இமை ஒட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"வாங்க. ஒக்காருங்க. இதுல ஒக்காரலாம்."

அய்யாக்கண்ணுவின் குரல். தன் குரலை வெளியில் நின்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அது இவ்வளவு களைத்துப்போயிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அவள் சீனத்தில்தான் நினைத்தாள். வெளியே வரும்போது புதுக்கோட்டைப் பேச்சாக வந்தது. காதில் விழுகிற தமிழும் புரிந்தது. கூடவே இருமலும் வந்தது.

"இந்த இருமலுக்கு மருந்து என்ன சாப்புடுறீங்க?"

"ஒண்ணும் சாப்புடுறதில்ல" என்றார் தாஸ்.

"தெரியுது."

தாஸ் விஷயத்தைச் சொன்னார். அவள் இரண்டாவது இமையை ஒட்டி முடித்தாள்.

"ஒரு வார்த்தைதான. சொல்லிட்டாப் போச்சு. ஆனா யாருக்குப் பாடுறோம்னு தெரியாம நான் வாயத் தெறக்குறதில்ல. பொண்ணு பேரு?"

"பூங்கோதை."

"இது பூங்கோதை கேட்ட பாட்டா?"

தாஸ் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். அய்யாக்கண்ணு யோசித்தார். மாப்பிள்ளையின் நிலத்தைப் பற்றி மச்சினனைக் கேட்டிருந்தார். வீட்டுக் கூரையைப் பற்றிப் பெண்டாட்டியைக் கேட்டிருந்தார். ஜாதகக்காரரிடம் மறுபடியும் மறுபடியும் கேட்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். சரணம் வந்தது. தோங் தட்டை வைத்துவிட்டுக் கை தட்டினார்.

போன் அடித்தது. தாஸ் அதைச் சத்தமாக வைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்.

"மச்சான், எல்லாரும் ஒக்காந்திருக்காக" என்றான் சின்னத்துரை. "சத்தமா சொல்லுங்க, சபைக்குக் கேக்கணும்."

"பூங்கோதகிட்ட குடு" என்றாள் ஃபாங் யென், அய்யாக்கண்ணுவின் குரலில்.

"அது எதுக்கு மச்சான்? சம்மதம்னு சொன்னாப் போதும்."

"குடுறா."

வளையல் சத்தம் கேட்டது.

"அப்பா."

"ஒனக்கு இஷ்டமா ஆத்தா?"

விசிறி அந்தப் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் திரும்பியது.

"இல்லப்பா."

அங்கே எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்து உருண்டது. வெகு தூரம் உருண்டது. அது நிற்பதற்குள் சின்னத்துரை போனைப் பிடுங்கிவிட்டான்.

"மச்சான், புள்ள வெக்கத்துல சொல்லுது. எல போட்டாச்சு. அவுக மூஞ்சியப் பாக்க முடியல. நீங்கதான அப்பன், நீங்க சொல்லுங்க."

ஃபாங் யென் போனைக் கையால் பொத்தினாள்.

"கொரலு ஒங்களுது. நான் குடியிருக்கேன், அவ்வளவுதான். என்ன சொல்ல?"

அடுத்த லீவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரைக்கும் எப்படி நடப்பது என்று அய்யாக்கண்ணு பார்த்தார். டீக்கடை வழியாகப் போக முடியாது. மச்சினன் வீட்டு வழியாகவும் முடியாது. வேறு வழி இல்லை. கூடாரம் இன்னும் கொஞ்சம் நீண்டது. அவர் தலையை அசைத்தார்.

"இது ஆமாவா இல்லையா?" என்றாள் அவள். "ஒங்க ஆளுக தல ஆட்டுறது இத்தன வருசத்துல எனக்குப் புரிஞ்சதே இல்ல."

"எனக்கே புரியல" என்றார் தாஸ்.

அய்யாக்கண்ணு கையைத் தூக்கப் பார்த்தார். நாற்காலிகளைச் சுமந்த கை, மேலே எழவில்லை. தோங் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கை வேண்டாம் என்று ஆடியது.

அவள் பொத்திய கையை எடுத்தாள்.

"புள்ளைக்கு இஷ்டமில்ல. எனக்கும் சம்மதமில்ல. வந்தவுகளச் சாப்புட வச்சு அனுப்பு."

கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லச் சொல்லவில்லை. குரலே சேர்த்துக்கொண்டது.

"குடிச்சிருக்கியா மச்சான்?" என்றான் சின்னத்துரை. அவள் இருமிவிட்டு வைத்தாள்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பும்போது கூடாரம் லாரி நீளம்தான் இருந்தது. அய்யாக்கண்ணு திரைக்குப் பின்னால் மைக்கோடு நின்றார். ஃபாங் யென் வெளிச்சத்தில் போய் நின்று வாயசைத்தாள். அவர் பாடினார். உட்கார்ந்திருந்தவர்கள் விசிலடித்தார்கள். பாட்டு எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. யாரோ யாரையோ விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பட்டது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பூங்கோதை. இன்னொரு கையால் எடுத்துக் காதில் வைத்தார். பாட்டை நிறுத்த முடியவில்லை.

"அப்பா" என்றாள்.

அவர் பாடினார்.

"மாமா கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அம்மா பேச மாட்டேங்குது."

அவர் பாடினார்.

"அவுகள்லாம் சாப்ட்டுத்தான் போனாக. பாயசம் மறுபடியும் கேட்டு வாங்கினாக."

மேடையில் மேளக்காரர் ஓர் உருட்டு உருட்டினார். அவள் அது முடிகிறவரை பொறுத்திருந்தாள்.

"நீ சாப்ட்டியாப்பா?"

அய்யாக்கண்ணு கடைசிச் சரணத்தை எடுத்தார்.

"சரி. நானும் இனிமேத்தான்" என்றாள்.

அங்கே யாரோ பாத்திரத்தை இழுத்து வைத்தார்கள்.

"வச்சிரவாப்பா?"

அவர் பாடினார். அவள் வைக்கவில்லை.