தொடாத கை

தண்ணீருக்கு மேல் ஒரு கை நிற்கிறது.

விரல்கள் விரிந்திருக்கின்றன. உள்ளங்கையில் வலைக்கயிறு அறுத்த பழைய தழும்பு. கையின் நிழல் ரெஜினாவின் தோளில் விழுகிறது. நிழல் மட்டும்தான். கை இன்னும் தொடவில்லை.

தொட்டால் முடிந்தது. அதுதான் விதி. இலங்கைத் தலைமன்னாரில் இறங்கியவள் இக்கரையில் அரிச்சல்முனை மணலில் ஏறும்வரை படகை அவள் தொடக்கூடாது, வேறு யாரும் அவளைத் தொடக்கூடாது. ஒரு விரல் பட்டாலும் நீந்தியதெல்லாம் நீந்தாததாகிவிடும்.

அந்தக் கை அவள் புருஷன் அடைக்கலத்தின் கை.

*

விடியுமுன் இறங்கினாள். பங்குனிக் கடல். காற்று இல்லை. இலங்கைக் கரையின் விளக்குகள் பின்னால் மங்கின. வானம் வெளுத்தது. வெயில் முதுகில் ஏறியது.

கை. கை. மூச்சு.

பக்கத்திலேயே வள்ளம். அதில் அடைக்கலம், படகோட்டி, நீச்சல் சங்கத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர். குளுக்கோஸ் தண்ணீர்ப் போத்தலைக் கம்பின் நுனியில் கட்டி நீட்டுவார்கள். மிதந்தபடி குடிப்பாள். போத்தலை விடுவாள்.

கை. கை. மூச்சு.

*

பாம்பன் பக்கம் ஒரு குப்பத்தில் பாசி எடுக்கிறவள் அவள். விரலில் துணி சுற்றி, பாதத்தில் தகரத் தட்டைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பாறைக்குப் போய்க் கடல்பாசி பிய்த்துவரும் பெண்களில் ஒருத்தி. மகள் பிளசி வயிற்றில் இருந்தபோதும் போனாள். ஏழாம் மாதம் வரை போனாள்.

ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாமியார்தான் தினமும் சோற்றுத்தூக்கு கட்டிக் கொடுத்தார்.

புயல் கூண்டு ஏறிய நாளில் அடைக்கலம் கடலுக்குப் போயிருக்கிறான். பாவம், பிள்ளைக்காரன், உழைக்கிறான் என்றது ஊர்.

வயிற்றுக்காக இறங்கினால் கடல் தாய். ஆசைக்காக இறங்கினால் அதே கடல் கொலைகாரி. இந்த ஊரின் நியாயம் இவ்வளவுதான்.

ஆசை எப்படி வந்தது? மாதா கோயில் திருவிழாவில் ஒரு நீச்சல் போட்டி. ஆம்பளைகளுக்கு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இவளும் குதித்தாள். முதலில் வந்தாள். எவர்சில்வர் குடம் இரண்டாவதாக வந்தவனுக்குப் போனது. அவன் வீட்டில் அந்தக் குடத்தில்தான் இன்னும் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

குடம் போகட்டும். கடலில் முதல்முறையாக எதையும் எடுக்காமல் திரும்பியிருந்தாள். வெறுங்கை. அந்த வெறுங்கை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

*

போன வருஷமும் இதே கடல். இதே வள்ளம். கரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் சொறி அடித்தது. கண்ணாடி போல மிதக்கும் சொறிமீன். பட்ட இடம் நெருப்பாகும், தலை சுற்றும். அடிபட்டவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்கப் படகிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் தப்பினால் தூக்கிவிட வேண்டும்.

அடைக்கலம் தனக்குத் தெரிந்ததிலேயே சுலபமான கேள்வியைக் கேட்டான். உனக்கு எத்தனை பிள்ளை?

"எனக்கு யாருமில்ல" என்றாள் ரெஜினா.

அவன் தொட்டான். தூக்கினான். முடிந்தது.

வள்ளத்தைக் கரையில் கட்டுவதற்குள் கதை ஊருக்குப் போய்விட்டது. கடல்ல எறங்குனா பெத்த பிள்ளைய மறந்துருவாளாம். குழாயடியில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பிளசியிடமே சொன்னார்கள். பிளசி வீட்டில் வந்து ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ரெஜினாவை அறுத்தது.

விஷம் ஏறியதால் வந்த பிதற்றல் என்றார் டாக்டர். அடைக்கலமும் அதையே எல்லாரிடமும் சொன்னான். நல்லவன்.

ரெஜினாவுக்கு மட்டும் தெரியும். விஷம் கொஞ்சம். மீதி உண்மை. அந்த நேரத்தில் அவளுக்கு யாரும் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பெயர்கூட இல்லை. கை, கை, மூச்சு மட்டும். லேசாக இருந்தது. அவ்வளவு லேசாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

அதற்காக அவள் வெட்கப்பட்டாள். பிறகு வெட்கப்பட்டதற்காகக் கோபப்பட்டாள். கோபம்தான் நிலைத்தது.

*

இந்த வருஷம் மறுபடி என்றதும் வீடு ரெண்டுபட்டது. மாமியார் சாப்பிடாமல் கிடந்தார். கடைசியில் மகனைக் கோயிலுக்கு இழுத்துப் போனார். அவளுக்கு ஒன்று என்றால் உடனே தூக்கிவிடுவேன் என்று மெழுகுவத்தி முன்னால் சத்தியம் வாங்கினார். அவனும் செய்தான்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது அவன் ரெஜினாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டான்.

"வயித்துக்குன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இது எதுக்கு?"

"எனக்கு."

"நீ இல்லாமப் போயிட்டா பிள்ளைக்கு நான் என்ன சொல்றது?"

"நீங்க இல்லாமப் போயிட்டா நான் என்ன சொல்லணும்னு என்னைக்காவது சொல்லிட்டுப் போனீங்களா?"

அவன் ஊசியில் நூல் கோத்தான். அவள் அரிசி களைந்தாள். ரெண்டு கேள்வியும் வீட்டிலேயே கிடந்தன. இன்னும் கிடக்கின்றன.

*

உச்சி சாய்ந்தபோது சொறி அடித்தது.

கழுத்தில். உதட்டில். மார்புக்குக் குறுக்கே சாட்டையால் இழுத்தமாதிரி. கடல் ஒருமுறை புரண்டு நின்றது. வள்ளம் நெருங்கியது. தண்ணீருக்கு மேல் அந்தக் கை வந்து நின்றது.

தோளில் நிழல் விழுந்தது.

கண்காணிப்பாளர் கேள்வி கேட்கச் சொன்னார். அடைக்கலம் பழைய கேள்வியை விட்டுவிட்டான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டான். சனி என்றாள். அவள் ஊரைக் கேட்டான். சொன்னாள். கை போகவில்லை. சத்தியம் செய்த கை. அங்கேயே நின்றது.

உதடு வீங்கிக்கொண்டிருந்தது. கால் மரத்துக்கொண்டிருந்தது. அவள் புரண்டு, மல்லாந்து, அவனை நேராகப் பார்த்தாள்.

"போன வருசம் கேட்டதக் கேளுங்க."

அவன் கண்காணிப்பாளரைப் பார்த்தான்.

"கேளுங்கன்னு சொல்றேன்ல."

அவன் கேட்டான். உதடு மட்டும் அசைந்தது.

"ஒருத்தி. பேரு பிளசி. முன்பல்லு ரெண்டும் விழுந்திருச்சு. கைய எடுங்க."

அலை வள்ளத்தின் விலாவில் தட்டியது. பிறகு நிழல் நகர்ந்தது. தோளில் வெயில் பட்டது.

அம்மாவிடம் செய்த சத்தியத்தை அடைக்கலம் அங்கேயே கடலில் போட்டான். அவன் அழுததைப் படகோட்டி பார்த்தான். ஊரில் சொல்லவில்லை.

அவள் செய்தது சரியா? விஷம் இன்னும் ஏறியிருந்தால்? கரையில் இருப்பவர்கள் கேட்கட்டும். நிறைய நேரம் இருப்பவர்கள் கேட்கட்டும். அவளுக்கு நீந்த வேண்டியிருந்தது.

கை. கை. மூச்சு.

ஒரு கோடை மழை வந்தது. கடலின் மேல் பொரிந்தது. மேலே தண்ணீர், கீழே தண்ணீர், நடுவில் ஒருத்தி. மழை விட்டபோது எல்லாம் வெள்ளி. அந்த வெள்ளிக்குள் மறுபடி அவளுக்குப் பெயர் இல்லாமல் போனது. வலிகூட வேறு யாருடையதோ.

பிறகு மணல் வந்தது.

*

கரையில் மாமியார் துண்டும் ஜெபமாலையுமாக நின்றார். பக்கத்தில் பிளசி. அம்மாவின் தலை தெரிந்ததும் பாட்டியின் கையை உதறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். பாவாடை நனைய, முழங்கால் நனைய, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"தொடாத."

ரெஜினாவின் குரல்தான். வீங்கிய உதட்டிலிருந்து வந்தது.

"தொடாத, பிளசி. அம்மா இன்னும் தண்ணியில இருக்கேன்."

பிளசி நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி.

பெற்ற பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா இது என்று கரையில் யாரோ சொன்னார்கள். ரெஜினாவுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. எழுந்தாள். விழுந்தாள். மறுபடி எழுந்தாள். கால் நிற்கவில்லை. தவழ்ந்தாள். மாமியார் ஓரடி முன்னால் வந்தார், துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பிளசி பின்னோக்கி நடந்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே.

ஈர மணல். பிறகு காய்ந்த மணல். கண்காணிப்பாளரின் விசில்.

எல்லாருக்கும் முன்னால் பிளசி குனிந்தாள். ஒரு வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"இந்தத் தடவையும் என்னைய மறந்துட்டியாம்மா?"

ஒரு பொய் போதும். நாக்கு நுனியில் இருந்தது. மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். வள்ளத்திலிருந்து இறங்கிய அடைக்கலம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமா. நடுவுல கொஞ்ச நேரம்."

பிளசி யோசித்தாள். பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவினாள்.

"நானும் விளையாடும்போது ஒன்னைய மறந்துருவேன்."

தோளுக்கு மேல் ஒரு சின்னக் கை நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. சாயங்கால வெயிலில் அதன் நிழல் ரெஜினாவின் தோளில் விழுந்தது.

"இப்பத் தொடலாமா?" என்றாள் பிளசி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை.